கறவைப் பசுவின் தீனியும் பேணலும்

பசுவைத் தாயென்று போற்றுவதில் நம் நாட்டாருக்கு நிகராவார் இலர். மாட்டுப் பொங்கலன்று கொம்பிற்கு வண்ணந் தீட்டி, கழுத்தில் மாலை சூட்டி, கற்பூரங் காட்டி வணங்குகின்றோம். ஆயினும் மறுநாட் காலையில் அப்பசுவின்முன் நாம் எடுத்து வைப்பது யாதென நோக்கின், பெரும்பாலும் ஒரு கட்டு வைக்கோலும் ஒரு பானைக் கழுநீருமேயாம். வணக்கத்திற்குக் குறைவில்லை, வயிற்றுக்கே குறை. இவ்வேறுபாட்டினால் விளையும் நஷ்டம் எத்தன்மைத்து, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

கலாசாலைப் பத்திரிகையில் மாட்டுத் தொழுவத்தைப் பற்றி எழுதுதல் தகுமோவெனச் சிலர் ஐயுறலாம். நம் மாணவருட் பலர் உழவர் குடியிற் பிறந்தவர். வீட்டில் ஒன்றிரண்டு பசுக்களைக் கறந்து, காலையும் மாலையும் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிப் பெறும் பணத்தினின்றே அவர்தம் படிப்புச் செலவு நடைபெறுகின்றது. அப்பசு மடிநோயுற்றுக் கறவை குன்றினால் பரீக்ஷைக் கட்டணம் தடைப்படும். பெட்டைக் கன்றொன்று இறந்தால், மூன்றாண்டு கழித்து வரவேண்டிய கறவை அன்றே தொலைந்ததாகும். ஆகலின் இது நமக்குப் புறம்பான பொருளன்று.

முதற்கண் நாம் கட்டியிருக்கும் பசு இன்னதென்று தெளிதல் வேண்டும். காங்கேயம் முதலிய நம் நாட்டினங்கள் உழவுக்கும் வண்டிக்கும் பேர்பெற்றவை. அவற்றின் பசு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால் தந்தால் அதுவே பெரிது. இன்று சங்கத்திற்குப் பால் ஊற்றும் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது ஜெர்சிக் கலப்புப் பசுவாகும். இக்கலப்பு முயற்சியில் மிஷன் கலாசாலையொன்றிற்கும் பங்குண்டு என்பதை நம் வாசகர் அறிந்து மகிழ்வர். அலகாபாத்தில் 1910ஆம் ஆண்டு சாம் ஹிக்கின்பாட்டம் என்னும் அமெரிக்க மிஷனைச் சார்ந்த அறிஞர் நிறுவிய விவசாயக் கலாசாலையில், செஞ்சிந்திப் பசுக்களையும் ஜெர்சி இனத்தையும் கலந்து ‘ஜெர்சிந்த்’ என்னும் இனம் உண்டாக்கப்பட்டது.

கலப்புப் பசு பத்து லிட்டரும் அதற்கு மேலும் கறக்க வல்லது. ஆனால் அது நாட்டுப் பசுவைப்போல் வெயிலையும் பட்டினியையும் பொறாது. உண்ணிக்கும் அதனால் வரும் காய்ச்சலுக்கும் எளிதில் இலக்காகும். அதிகப் பால் தரும் பசுவைக் கடன் பட்டு வாங்கி, அதற்கு நாட்டுப் பசுவின் தீனியையே இடுவோர் பலர். அப்பசு முதல் இரண்டு மாதம் தன் உடம்பையே கரைத்துப் பாலாக்கித் தரும். பின்னர் எலும்புந் தோலுமாகி, சினைப் பிடியாமல் நின்றுவிடும். ‘தரகன் ஏமாற்றினான்’ என்று வீட்டுக்காரர் நொந்து கொள்வர். தரகனிடம் குற்றமில்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் பாதிக் குற்றம் தொட்டியிலே உளது.

பசுவின் தீனியை அறிவதற்கு அதன் வயிற்றை அறிதல் வேண்டும். பசுவுக்கு நான்கு வயிறென்பது வழக்கு. உண்மையில் வயிறு ஒன்றே. அது நான்கு அறைகளாகப் பிரிந்துளது. அவற்றுள் முதலறை மிகப் பெரிது. வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கு மேற்கொள்ளும். மென்று விழுங்கிய புல்லும் வைக்கோலும் அங்கே ஊறிக் கிடக்கும். அவ்விடத்தில் கண்ணுக்குத் தெரியாத சூக்ஷ்ம உயிர்கள் கோடி கோடியாக வாழ்கின்றன. நாரைச் செரிக்கும் சத்தி பசுவின் உடம்பிற்கு இல்லை. அவ்வுயிர்களே நாரைச் சிதைத்துச் சில இலேசான அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்கள் அறையின் சுவர் வழியே இரத்தத்திற் கலந்து பசுவுக்கு வலுவாகின்றன. அவற்றுள் புளிக்காடியிலுள்ள அமிலம் பாலின் கொழுப்பாகின்றது; வேறொன்று ஈரலிற் சென்று சர்க்கரையாகி, பாலின் இனிப்பிற்கு ஆதாரமாகின்றது. மேலும், அச்சூக்ஷ்ம உயிர்கள் தாமும் தீனியோடு கீழறைகளுக்குத் தள்ளுண்டு, ஆங்குச் செரிக்கப்பட்டு, புரதச்சத்தாகப் பசுவுக்கு உதவுகின்றன. பசுவை நாம் மேய்க்கின்றோம். பசுவோ தன் வயிற்றினுள் மற்றொரு மந்தையை மேய்க்கின்றது. தீனி வைப்பவன் முதலில் அந்த உள்மந்தைக்கே தீனி வைக்கின்றான்.

இதனை உணர்ந்தால் பல செய்திகள் தாமே விளங்கும். பசு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் அசை போடுகின்றது. அப்பொழுது சுரக்கும் உமிழ்நீர் நாளொன்றுக்கு நூறு லிட்டரளவும் செல்லும். அதில் சோடா உப்பின் தன்மை உண்டு; அது வயிற்றின் புளிப்பை அடக்கும். நீண்ட நாருள்ள தீனியே அசை போடுதலைத் தூண்டும். தவிட்டையும் மாவையுமே மிகுத்து நாரைக் குறைத்தால், அசை குறையும், உமிழ்நீர் குறையும், புளிப்பு மிகும், பாலில் கொழுப்பு வீழும். சங்கத்தில் பாலைக் கொழுப்பும் ஏனைத் திடப்பொருளும் அளந்தே விலையிடுகின்றனர். 1890ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சினில் பாப்காக் என்னும் ஆசிரியர் பாலின் கொழுப்பை எளிதில் அளக்கும் சோதனையைக் கண்டு, அதற்குத் தனியுரிமை கொள்ளாது யாவர்க்கும் வழங்கினார். அதற்கு முன்னர் நீர் கலந்தவனும் நேர்மையாளனும் ஒரே விலை பெற்றனர். இன்று இயந்திரம் நொடியில் எண்ணைக் காட்டிவிடுகின்றது. அவ்வெண் குறையும்போது சங்கத்து எழுத்தரோடு சண்டையிடுவதினும் வீட்டுத் தொட்டியைப் பார்த்தல் நலம்.

இனி வைக்கோலைப் பற்றிச் சிறிது கூறுவோம். நெல் விளையும் நாட்டில் வைக்கோலே மாட்டின் அன்னம். அது வயிற்றை நிரப்பும்; அசை போடவும் உதவும். ஆனால் அதிற் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கிற்கு மேல் இல்லை. மணற்சத்து மிகுதி. அதிலுள்ள ஒருவகை அமில உப்பு, சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடம்பிற் சேரவொட்டாது தடுக்கும். வைக்கோலை மாத்திரம் தின்னும் பசு வயிறு நிறைந்து பட்டினி கிடக்கும் பசுவாகும்.

வைக்கோலின் தரத்தை உயர்த்த ஒரு முறை உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஐம்பது அறுபது லிட்டர் நீரிற் கரைத்து, படல் படலாகப் பரப்பித் தெளித்து, நன்கு மிதித்து அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தல் வேண்டும். யூரியாவினின்று எழும் நவச்சார வாயு நாரின் இறுக்கத்தைத் தளர்த்தும்; புரதத்திற்கு வேண்டிய பொருளும் கூடும். எடுத்தபின் சற்று ஆறவிட்டு வைத்தால் மணம் போகும். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கு இதனைத் தரலாகாது. யூரியாவை நீரிற் கரைத்து நேரே குடிக்கவிடுதல் மாட்டைக் கொல்லுதற்கு ஒப்பாம். இதனை வீட்டிலுள்ள சிறுவருக்கும் வேலையாளுக்கும் அழுத்திச் சொல்லல் வேண்டும். உர மூட்டையைத் தொழுவத்தின் அருகில் வையாதிருத்தலும் நன்று.

பசுந்தீவனமே மலிவான தீவனம். கால் ஏக்கர் நிலமும் கிணற்று நீரும் உடையார் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்டால், முதலறுப்புக்கு எழுபது எழுபத்தைந்து நாளாகும். பின்னர் நாற்பத்தைந்து நாளைக்கொருமுறை அறுக்கலாம். வரப்பிலும் வேலியிலும் அகத்தி, வேலிமசால், கிளிரிசிடியா இவற்றை வைத்துக் கொள்ளலாம். புல்லில் நாரும், அவ்விலைகளிற் புரதமும் மிகுதி. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு இலையெனக் கலந்து இடுதல் முறை. பனி ஈரத்தோடு கூடிய இளம்பயற்றுக்கொடியை வெறும் வயிற்றில் மிகுதியாக மேயவிட்டால் வயிறு உப்பி மாடு மூச்சுத் திணறும். சிறிது வைக்கோலை முன்னர்த் தின்னக் கொடுத்துப் பின்னர்ப் பசுமையை இடுவோர்க்கு அவ்வச்சம் இல்லை.

அடர்தீவனத்தைப் பிண்ணாக்கு ஒன்றாகவோ தவிடு ஒன்றாகவோ இடுவதே பெருவழக்கம். மக்காச்சோளம், கம்பு முதலிய தானியம் 40 பங்கு, கடலைப் பிண்ணாக்கு 25 பங்கு, தவிடும் பொட்டும் 32 பங்கு, தாது உப்புக் கலவை 2 பங்கு, சமையலுப்பு 1 பங்கு எனக் கலந்தால் நூறு பங்காகும். பிண்ணாக்கு ஈரம் பட்டுப் பூசணம் பிடித்திருப்பின், விலை மலிவென்று வாங்குதல் தகாது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டமைக்குக் கடலைப் பிண்ணாக்கிற் படிந்த பூசண நஞ்சே காரணமெனக் கண்டனர். அந்நஞ்சு பசுவின் ஈரலைக் கெடுப்பதோடு பால் வழியே குழந்தைகளையும் சென்றடையும்.

எவ்வளவு இடுவது? 350 கிலோ எடையுள்ள பசு பத்து லிட்டர் கறப்பதாகக் கொள்வோம். ஈரம் நீங்கிய கணக்கில் அதன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழப் பத்தரைக் கிலோ தீனி அதற்கு வேண்டும். பசுந்தீவனம் 20 கிலோவில் நாலு கிலோவும், வைக்கோல் 3 கிலோவில் இரண்டே முக்காலும், அடர்தீவனம் 4 கிலோவில் மூன்றரைக்குச் சற்று மேலும் கிடைக்கும். கணக்கு ஏறக்குறைய நேராகும். பசுமை நிரம்ப இருக்குங்கால் உடற்காப்பிற்கு அதுவே பெரும்பாலும் போதும். இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் என்பது கறவைக்குரிய கணக்கு. பசுமையில்லாத கோடையில் உடற்காப்பிற்கென ஒன்றரைக் கிலோ கூட்டல் வேண்டும். கறக்கும் பசுவுக்கும் வற்றிய பசுவுக்கும் ஒரே அளவு குவளையால் அள்ளி வைப்பது சமநீதி போலத் தோன்றினும் நீதியன்று.

தீனியை மாற்றுவதாயின் ஒரு வாரம் பத்து நாளிற் சிறிது சிறிதாக மாற்றுக. வயிற்றிலுள்ள உள்மந்தை பழகுதற்கு அக்காலம் வேண்டும். இதனை மறந்து ஒரே வேளையிற் சோற்றை மிகுதியாக இடுவதனால் விளையும் கேடு நம் ஊர்களிற் பெரிது. கலியாண வீட்டில் மிஞ்சிய சோறும் பாயசமும், மாட்டுப் பொங்கலன்று ஊட்டும் பொங்கலும் பழமும், ‘வாயில்லாச் சீவன் வயிறார உண்ணட்டும்’ என்னும் அன்பினாலேயே வைக்கப்படுகின்றன. மாச்சத்து மிகுந்தவுடன் வயிற்றில் வேறு வகைக் கிருமிகள் பெருகிக் கடும் புளிப்பை உண்டாக்கும். நாரைச் செரிக்கும் நல்லுயிர்கள் மடியும். புளிப்பு இரத்தத்திலும் ஏறும். மாடு அசை போடாது நிற்கும், கழிச்சல் காணும், கண் குழியும், தள்ளாடிப் படுத்துவிடும். வைத்தியர் வருவதற்குள் ஓரிரு நாளில் இறப்பதும் உண்டு. பொங்கல் கழிந்த மறுநாள் கால்நடை மருத்துவமனை வாயிலில் நிற்கும் மாடுகளைக் கண்டார்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு கைப்பிடிப் பொங்கலால் தீங்கில்லை. வீட்டார் ஒவ்வொருவரும், அயலாரும், வந்த விருந்தினரும் ஆளுக்கொரு தட்டு ஊட்டுவதே தீங்கு.

நீரைப் பற்றி நாம் சிந்திப்பதேயில்லை. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீர். கறக்கும் பசு கோடையில் நாளொன்றுக்கு அறுபது லிட்டரும் அதற்கு மேலும் குடிக்கும். காலையும் மாலையும் கழுநீர் காட்டிவிட்டு இடையில் வெயிலிற் கட்டிவைத்தால் பால் எங்ஙனம் ஊறும்? நிழலும், எந்நேரமும் எட்டும்படி ஒரு தொட்டித் தண்ணீரும், வெயில் தாழ்ந்தபின் தீனியும் கிடைத்தால் வேறு செலவின்றியே கறவை கூடுவதைக் காணலாம்.

கறத்தலும் ஒரு கலை. மடியைக் கழுவித் தடவும்போது, அல்லது கன்று முட்டும்போது, மூளையின் அடியிலுள்ள சுரப்பியினின்று ஒரு நீர் இரத்தத்திற் கலந்து மடியைச் சேர்கின்றது. உடனே பால் இறங்கும். அதன் வேகம் ஐந்தாறு நிமிஷத்திற் குறைந்துவிடும். அதற்குள் கறந்து முடித்தல் வேண்டும். அச்சமோ வலியோ உண்டானால் வேறொரு சுரப்பு எழுந்து பாலைத் தடுத்துவிடும். பசுவை அடித்துக் கறப்பவன் தன் பாலைத் தானே அடக்குகின்றான். முற்காலத்தில் நகர வீதிகளில் கன்றிழந்த பசுவின் முன் வைக்கோல் திணித்த தோற்கன்றை நிறுத்திக் கறந்தனர். அது காணப் பரிதாபமாயினும், பழகிய ஒரு குறிப்பினாலே பால் இறங்கும் என்னும் உண்மையை அவர்கள் அறிந்திருந்தனர். இக்காலத்தில் அத்தோற்கன்றிற்கு மாற்றாகச் சிலர் ஊசியை நாடுகின்றனர். பசுவுக்குக் கேடு செய்யும் அச்செயல் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின்கீழ்த் தண்டனைக்குரியது.

பெருவிரலை மடக்கிக் காம்பை நெரித்துக் கறக்கும் பழக்கம் நம்மிடை மிகுதி. அதனால் காம்பின் உட்புறம் புண்படும், புண்பட்ட இடத்திற் கிருமி குடிபுகும், மடிநோய் தோன்றும். உள்ளங்கையால் முழுக்காம்பையும் பற்றி மேலிருந்து கீழாக அமுக்குதலே நன்முறை. மடி வீங்கிச் சூடேறிப் பால் திரிதல் நோயின் முதிர்ந்த நிலை. அதற்கு நெடுநாள் முன்னரே, பார்வைக்கு ஒன்றுந் தெரியாமல், பால் மாத்திரம் குறைந்துகொண்டு வரும். ஒவ்வொரு காம்பின் முதற்பாலையும் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்திற் பீச்சிப் பார்த்தால் சிறு திரியும் புலப்படும். கறந்தபின் காம்பின் துளை அரைமணி நேரம்வரை திறந்திருக்கும். அப்பொழுது பசு சாணத்திற் படுத்தால் நோய்க்கு வாயில் திறந்ததாகும். ஆகவே கறந்த கையோடு கொஞ்சம் தீனி வைத்தால் அது நின்று தின்னும். இவ்வளவு எளிய காவல் வேறில்லை. நோயுற்ற பசுவைக் கடைசியிற் கறக்க வேண்டும். மருந்து செலுத்திய பசுவின் பாலை வைத்தியர் சொன்ன நாள்வரை சங்கத்தில் ஊற்றலாகாது.

இனிக் கன்றீனும் காலத்தைக் கூறுவோம். நிறையக் கறக்கும் பசு, அதிலும் ஜெர்சிக் கலப்பு, ஈன்ற ஓரிரு நாளிற் கால் தளர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடுவதுண்டு. இதற்குப் ‘பால் ஜுரம்’ என்று பெயர். ஆனால் உடம்பு குளிர்ந்திருக்குமேயன்றிச் சுடாது. இரத்தத்தில் ஒரு சமயத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சில கிராமே. சீம்பால் அதனினும் பன்மடங்கை ஒரே நாளில் இழுத்துக்கொள்ளும். முன்னாளில் இந்நோய் கண்ட பசுக்களிற் பெரும்பாலானவை மாண்டன. 1897ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஷ்மிட் என்னும் கால்நடை வைத்தியர், மடியில் விஷமிருப்பதாகக் கருதி அதனுள் ஒரு மருந்துநீரைச் செலுத்தினார், பசுக்கள் எழுந்தன. சில ஆண்டுகளில் வெறுங் காற்றை மடியில் ஏற்றினாலே போதுமென்று கண்டனர். விஷமென்னும் கருத்துப் பிழை; மடி நிரம்பியதாற் பால் சுரத்தல் நின்று சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் தங்கியதே உண்மை. ஸ்காட்லாந்து அறிஞரால் 1925இல் அது விளக்கமாயிற்று. இன்று வைத்தியர் சுண்ணாம்புச் சத்தை நரம்பில் ஏற்றிய சிறிது நேரத்திற் படுத்த பசு எழுந்து நிற்பதைக் காண்பது வியப்பினும் வியப்பு. ஆனால் அதனைத் தாமே ஏற்றத் துணிதல் கூடாது. வேகமாகச் சென்றால் இருதயம் நின்றுவிடும்.

கன்றைப் பற்றி ஒரு பழக்கத்தை நாம் கண்டிப்பாக எடுத்துரைக்க வேண்டியவராயிருக்கின்றோம். இளங்கொடி விழுமளவும் கன்றை ஊட்ட விடாத வழக்கம் பல ஊர்களில் உண்டு. “கொடி விழாமல் ஊட்டவிட்டால் கன்று கழிந்து செத்துப்போகும் தம்பி, எங்கள் மாமியார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம்” என்று ஒரு பாட்டியார் நம்மிடம் சொன்னார். அவர் கன்றின்மீது கொண்ட அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மக்கட் குழவிக்குப் போலன்றி, கன்றுக்குத் தாய் வயிற்றினுள் நோயெதிர்ப்புச் சத்து வந்து சேர்வதில்லை. சீம்பாலிலே மட்டும் அது கிடைக்கும். அச்சத்தை அப்படியே உறிஞ்சும் வாயில் கன்றின் குடலிற் பிறந்தவுடன் அகலத் திறந்திருந்து, மணிக்கு மணி குறுகி, ஒரு நாளில் அடைபட்டுவிடும். கொடி விழுவதற்கோ பன்னிரண்டு மணி நேரமும் செல்லலாம். காத்திருந்து ஊட்டிய கன்று பின்னர்க் கழிச்சலால் இறக்கும்போது, சீம்பாலே கொன்றதென்று எண்ணி, அடுத்த கன்றை இன்னும் நெடுநேரம் காக்க வைக்கின்றனர். பிறந்த ஒரு மணி இரண்டு மணிக்குள் ஊட்டுதலும், முதல் நாளிற் கன்றின் எடையிற் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உட்கொள்ளச் செய்தலுமே முறை. கன்று முட்டியூட்டுவதால் எழும் சுரப்பு கருப்பையையும் சுருங்கச் செய்து, கொடி விரைந்து விழவே துணைபுரியும். இதனைச் சொன்னபோது பாட்டியார் சற்றே யோசித்து, “அப்படியானால் அடுத்த ஈற்றுக்குப் பார்ப்போம்” என்றார். அவ்வளவும் போதும்.

கன்றின் தொப்புளில் அயோடின் மருந்து தடவுதலும், இரண்டு வாரத்திற் குடற்புழு மருந்து கொடுத்தலும் தவறலாகாது. உருண்டைப்புழு தாய்ப்பாலின் வழியே வரும். கோமாரிக்கு ஆறு மாதத்திற்கொருமுறை தடுப்பூசி போடப்படுகின்றது. ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையுமென்று மாட்டை ஒளித்து வைப்போரும் உளர். நோய் வந்தால் குறைவது அவ்வீற்றின் கறவை முழுவதுமாம்.

பசு இருபத்தொரு நாளைக்கொருமுறை பருவத்திற்கு வரும். காலையிற் கத்தலும் வழும்பும் கண்டால் மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் சினையூசி போடுவித்தல் வேண்டும். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரத் தீனி வீணாகும். ஈன்ற இரண்டு மூன்று மாதத்திற் சினைப்பட்டால் ஆண்டுக்கொரு கன்று என்னும் கணக்கு ஏறத்தாழ நிறைவேறும். சினை ஏழு மாதம் ஆனவுடன் கறவையை நிறுத்துதல் வேண்டும். ‘இன்னும் மூன்று லிட்டர் கறக்கின்றதே’ என்று ஈனும் நாள்வரை கறப்பவர் அடுத்த ஈற்றில் அதனினும் மிகுதியை இழப்பர். மடியின் சுரப்புத் திசுக்கள் புதுப்பித்துக்கொள்ள அறுபது நாள் ஓய்வு தேவை. நிறுத்தும்போது முதலில் அடர்தீவனத்தைக் குறைத்து, மடியில் நோயில்லையென்று தெளிந்தபின் கறவையை அறவே விடுக. ஈனுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அடர்தீவனத்தை அரைக்கிலோவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றி, இரண்டு கிலோவளவிற் கொண்டு நிறுத்தினால், கன்றீன்றவுடன் வரும் பெருந்தீனிக்கு உள்மந்தை ஆயத்தமாயிருக்கும்.